அஸுனை எழுப்பப் போன மைசூர்ப் பயணம்

ஸ்பெயினுக்குப் போக வேண்டும் என்றுதான் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன். அந்த மொழி என்னை முதலில் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் மைசூர், கோகுலம் மூன்றாவது ஸ்டேஜ். விமானமும் இல்லை, விசாவும் இல்லை. ஒரு தோள்பை, ஒரு பிரஷர் பார்க்கும் கருவி, எட்டு மாதப் பாட நோட்டு. அவ்வளவுதான் சாமான்.

நான் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. பெயர் செல்வி, பதினாலு வருஷமாக நர்ஸ். ஸ்பெயினில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டூட்டி முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அவர்கள் கேட்கக் கேட்க எனக்கு வீம்புதான் ஏறியது. அப்போதுதான் என்னோடு நர்சிங் படித்த ஸ்டெல்லா மைசூரிலிருந்து கூப்பிட்டாள். அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர்.

அவள் சொன்ன விஷயம் இது. அஸுன் என்று ஓர் அம்மாள், ஸ்பெயின்காரர், எழுபத்திரண்டு வயது. மூன்று வாரம் யோகா கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாக முடிந்து, தங்கியிருந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வாக்கர் பிடித்து நடக்க வேண்டியவர், கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். ஊரில் அவர் கணவருக்கு மறதி நோய். இவர் இல்லாத இந்தக் கொஞ்ச நாளில் இவர் முகமே அவருக்குப் பிடிபடாமல் போய்க்கொண்டிருக்கிறது. மகனால் அப்பாவை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை டாக்டர் வந்து பார்ப்பார். கட்டிலிலிருந்து அறை வாசற்படி வரை, பன்னிரண்டு அடி, யாரும் பிடிக்காமல் நடந்தால்தான் விமானத்தில் போகலாம் என்று கடிதம் தருவார். இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அங்கே என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது.

"உனக்குத்தான் அந்த பாஷை வருதே, ஒரு வாரம் வந்துட்டுப் போயேன்" என்றாள் ஸ்டெல்லா. எனக்கு அந்த பாஷை வரும் என்று அன்றுவரை யாரும் சொன்னதில்லை. உடனே கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கியதுமே கோகுலம் என்னைச் சுற்றவிட்டது. ஆட்டோக்காரரிடம் கோகுலம் என்று மட்டும் சொன்னேன். அவர் முதல் ஸ்டேஜில் ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டுப் போயேவிட்டார். ஸ்டேஜ் ஸ்டேஜாக ஊரைப் பிரித்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் ஒரு பெயருக்கு ஒரு இடம்தான். பையைத் தூக்கிக்கொண்டு, கேட்ட ஒவ்வொருவரும் கன்னடத்தில் கையை நீட்டிய பக்கமெல்லாம் நடந்து போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்காரம்மா வனஜா. ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா காலத்திலேயே மைசூரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் தமிழில் கன்னடம் பாதி கலந்திருக்கும். கீழ்ப்பகுதியில் ஓர் அறையை யோகாவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். வந்த கால் நிற்கும் முன்னே காப்பி கொடுத்தார். கூடவே ஒரு தட்டு வாங்கி பாத். நல்ல பசி. முதல் வாயில் நாக்கு திகைத்தது. கத்திரிக்காய்ச் சோற்றில் லேசாக வெல்லம். மைசூரில் எதிலும் ஒரு துளி இனிப்பு இருந்தே தீரும் என்று அந்த வாரம் முழுக்கத் தெரிந்துகொண்டேன்.

பிறகு உள்ளே போனேன். ஜன்னலோரம் கட்டில். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய, நெடுநெடுவென்ற அம்மாள். நான் எட்டு மாதம் மனப்பாடம் செய்ததையெல்லாம் சேர்த்து, எங்கள் ஊர் வார்டில் பேசுகிற அதே பாசத்தோடு, "அபுவேலா, லெவாந்தெசெ" என்றேன். பாட்டி, எழுந்திருங்கள் என்று அர்த்தம்.

அந்த அம்மாள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் உனக்குப் பாட்டி இல்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? எங்கள் பக்கம் நோயாளியைப் பாட்டி, தாத்தா, அம்மா, அப்பா என்று கூப்பிடாத நர்ஸை யாரும் நர்ஸாகவே மதிப்பதில்லை. ஸ்டெல்லாவிடம் போனில் புலம்பினேன். அவள் ஆஸ்பத்திரியிலும் வெளிநாட்டுக்காரர்களிடம் இதே கதைதான் என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து பாட்டி என்றால், நீ கிழவி, உன்னால் ஒன்றும் ஆகாது என்று சொல்வது போல அவர்களுக்குக் கேட்குமாம். பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றாள்.

திங்கட்கிழமை முழுக்க அதற்கே போனது. எழுபத்திரண்டு வயதுப் பெண்ணை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவது லேசுப்பட்ட காரியமா? சின்ன வயதில் பக்கத்து வீட்டு அம்மாவைப் பேர் சொன்னதற்கு வாயில் சூடு போடுவேன் என்று மிரட்டப்பட்டவள் நான். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "அஸுன், அஸுன்" என்று இருபது தடவை சொல்லிப் பார்த்தேன். அறைக்குள் போனதும் அந்தப் பேர் வாயில் வர மறுத்தது. கடைசியில் கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தாரே தவிர, எழுந்திருக்கவில்லை.

இங்கே என் பாட நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் பதினோராம் பாடம் என் உயிரை வாங்கிய பாடம். ஸ்பானிஷில் ஒருவருக்கு ஒரு வேலையைச் சொல்லும்போது எனக்கு, உனக்கு, அதை, இதை எல்லாம் வினைச்சொல்லின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். 'தாமெலோ' என்று ஒரு சொல். தா என்றால் கொடு. மெ என்றால் எனக்கு. லோ என்றால் அதை. மூன்றும் சேர்ந்து ஒரே மூச்சில் தாமெலோ, அதை எனக்குக் கொடு. தா என்பது அங்கேயும் தாதான் என்று கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும்போது ஒட்டியதெல்லாம் கழன்று முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்ளும். எனக்கு அதைக் கொடுக்காதே, என்னைத் தொடாதே என்று எல்லாம் முன்னால் வரும். நர்ஸின் வாயில் நாள் முழுக்க வருவது ஏவல்தானே. எழுந்திருங்கள், உட்காருங்கள், அதைக் குடியுங்கள், கையைக் கொடுங்கள். நான் லெவாந்தெசெ, சியெந்தெசெ, தோமெசெலா என்று வால் ஒட்டிய சொற்களாக வீச, அஸுன் எல்லாவற்றுக்கும் 'நோ' என்று தொடங்கும் பதிலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இலக்கணத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி உலகத்தில் கிடைக்காது. நோயாளிதான் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊசி மருந்து வாங்க டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் காசு கொடுக்காமல் ஏறி உட்கார்வதைப் பார்த்து, நம்மூர் மாதிரிதான் போலிருக்கிறது என்று நானும் ஜம்பமாக உட்கார்ந்தேன். கண்டக்டர் ஆதார் கேட்டார். நீட்டினேன். தமிழ்நாட்டு விலாசத்தைப் பார்த்துச் சிரித்து, இலவசம் கர்நாடகப் பெண்களுக்குத்தான் என்று காசு வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்துச் சீட்டுப் பெண்மணி எனக்காக வருத்தப்பட்டு, இவங்களும் பொம்பளைதானே என்று கண்டக்டரிடம் கன்னடத்தில் வாதாடியது மட்டும் எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்தால் வாக்கரைக் காணோம். அறை முழுக்கத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இல்லை, குளியலறையில் இல்லை. வனஜா அக்கா அஸுனுக்கு ஸ்பூனால் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். கை இரண்டும் நன்றாக இருக்கிற மனுஷிக்கு எதற்கு ஊட்ட வேண்டும் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாடிப்படிக்குப் பின்னால், பழைய பேப்பர் கட்டுக்கு நடுவில், மேலே ஒரு பெட்ஷீட் போர்த்தி வாக்கர் நின்றது.

"நான்தான் எடுத்து வச்சேன்" என்றார் வனஜா அக்கா. "பாவம் அவங்க, அதைப் பாத்தாலே பயப்படறாங்க. ஸ்வல்ப நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். ஆமேலெ, அப்புறமா நடக்கலாம்."

"இல்லீங்க்கா. படுத்தே கெடந்தா ரத்தம் கட்டிக்குமுங்க. நெஞ்சுல சளி கட்டும். நீங்க நல்லதுன்னு நெனச்சுச் செய்யறதுதான் அவங்களக் கட்டிப் போட்டிருக்குதுங்க."

அவர் ஸ்பூனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். நானும் விடவில்லை, பின்னாலேயே போனேன். அங்கே நின்று அழுதுகொண்டிருந்தார். அஸுன் விழுந்த அன்றைக்கு வாசல் கழுவிவிட்டதே தாம்தானாம். நாற்பது வருஷமாக விடிந்ததும் வாசற்கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவாத நாளில்லை. அந்த ஈரத்தில்தான் அஸுன் கால் வைத்தார். அதிலிருந்து இந்த அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அஸுனைப் படுக்கவைத்து ஒவ்வொரு வேலையையும் தன் கையால் செய்தால்தான் அந்தக் குற்றம் கொஞ்சமாவது குறையும் என்று இருந்திருக்கிறார்.

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் வாக்கரை எடுத்துவந்து கட்டிலோரம் வைத்தேன். இனி ஊட்டுவதில்லை, தட்டு மேஜையில்தான் இருக்கும் என்று கறாராகச் சொன்னேன். வனஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

புதன்கிழமையை எப்படிச் சொல்ல? அஸுன் சாப்பிடவே இல்லை. மேஜை இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் சாப்பாடு. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் எழுந்திருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் நான் எழுந்து வந்து தட்டை எடுத்துத் தர வேண்டும் என்று காத்திருந்தார். யார் விட்டுக்கொடுப்பது என்று இரண்டு பேருக்கும் வைராக்கியம். மத்தியானம் நான் தோற்றேன். பட்டினி போடுவதற்கா வந்தேன்? தட்டைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மகனிடமிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் கணவர், ஹூலியான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அஸுன் நான்கு தடவை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். யார் இந்தப் பெண் என்று அவர் மகனிடம் கேட்டது எனக்கே புரிந்தது. அந்த வாக்கியம் புரியாத அளவுக்கு என் ஸ்பானிஷ் மட்டமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை தோசைக்கல்லில் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு அவர்கள் ஊர் ஆம்லெட் செய்தேன். வனஜா அக்கா வீட்டில் முட்டை சேர்க்காதவர்கள். பின்கட்டில் வைத்துச் செய்ய ஒரு சின்ன கரண்ட் அடுப்பை எங்கிருந்தோ தேடிக் கொடுத்து, மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு தள்ளி நின்றார். அஸுன் ஒரு துண்டு தின்றுவிட்டு, உப்பு போதாது என்றார். முழுசும் சாப்பிட்டார். அந்தத் தெம்பில் நான் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். வாயைத் திறங்கள், மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள், டம்ளரை என்னிடம் கொடுங்கள், உட்காருங்கள், எழுந்திருங்கள்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. பிறகு மெதுவாக, எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். புரியாத இடத்தில் திரும்பச் சொல்லவைத்தேன்.

"எட்டு வருஷமா என் வீட்ல நான் பேசற பேச்சு மொத்தமும் இதான். எழுந்திரு, உட்காரு, அதைக் குடி, அதை என்கிட்ட கொடு. அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. அதுக்காகத்தான் இங்க வந்தேன். யாருக்கும் எதுவும் சொல்லாம மூணு வாரம் இருக்கணும்னு வந்தேன். இப்ப நீ என் குரல்லயே என்கிட்ட பேசறே."

நான் டம்ளரை மேஜையில் வைத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"விழுந்தேன் பாரு, வலி வர்றதுக்கு முன்னாடி எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? அப்பாடா, இனிமே கொஞ்ச நாள் நான் அவரைத் தூக்க வேண்டாம்னு தோணிச்சு. அப்படி நினைச்சவளுக்கு எழுந்து நடக்க என்ன யோக்கியதை இருக்கு?"

எனக்கு ஆறுதல் சொல்லும் ஸ்பானிஷ் தெரியாது. பாட நோட்டில் அந்தப் பாடம் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். பதினாலு வருஷத்தில் டூட்டிக்குப் போகும் பஸ் பழுதாகி நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கிறது, சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்துப் போயிருக்கிறேன் என்றேன். வினைச்சொற்களில் பாதி தப்பாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாளாக ஏவிக்கொண்டே இருந்தது நான். வாயை மூடிக்கொண்டு கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இனி நான் ஒன்றும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன் என்றேன். வெளியே தயிர்க்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். வனஜா அக்கா வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற அளவு நேரம் ஆயிற்று.

அஸுன் வாக்கரைப் பார்த்துக் கையை நீட்டினார். "தாமெலோ" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். கைகொடுக்கவில்லை, பின்னால் மட்டும் நின்றேன். இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நின்றார், அவ்வளவுதான். நான் எண்ணியது முப்பது வரை. பிறகு உட்கார்ந்தார். வாசலில் வனஜா அக்கா தயிர்ச்சட்டியோடு அப்படியே நின்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு தடவை முயன்றோம். முதல் தடவை இரண்டு அடி. மூன்றாவது தடவை ஐந்து அடி. நான்காவது தடவையும் ஐந்து அடிதான். அதற்கு மேல் கால் உதறியது, உதடு வெளுத்தது, பிடித்து உட்காரவைத்தேன். எனக்கு வேண்டியது பன்னிரண்டு. அன்றைக்கு நான் சாமுண்டி மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன் என்பதை இங்கே மறைக்கவில்லை. நாளை வேண்டாம், திங்கட்கிழமை டாக்டரை வரச் சொல்லலாமா என்று வனஜா அக்கா கேட்டார். திங்கட்கிழமைதான் விமானம். அஸுனிடம் கேட்டேன். நாளைக்கே வரட்டும் என்றார்.

சனிக்கிழமை டாக்டர் பத்தரைக்கு வந்தார். அதே தெருவில் இருப்பவர், வீட்டுச் செருப்போடு வந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையல் போட்ட இடத்தைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு வாசற்படியில் போய் நின்று, வாருங்கள் என்று கையைக் காட்டினார். யாரும் பிடிக்கக் கூடாது என்று என்னைத் தமிழிலேயே எச்சரித்தார்.

அஸுன் எழுந்தார். வாக்கரை முன்னால் வைத்தார், கால், அடுத்த கால். ஒன்று, இரண்டு. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். நான்கு. ஐந்து. நேற்று நின்ற அதே இடத்தில் நின்றார். வாக்கரின் கால்கள் மொசைக் தரையில் கடகடவென்று ஆடின. முன்னால் ஏழு அடி, பின்னால் கட்டில். கட்டிலுக்குத்தான் திரும்பப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேஜையில் போன் அடித்தது. மகன். பிறகு பேசுகிறோம் என்று சொல்லத்தான் எடுத்தேன். திரையில் மகனின் தோள் மட்டும் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் ஹூலியான், காலைச் சாப்பாட்டுத் துண்டு கழுத்தில் கட்டியபடி. போன் என் கையில் அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அறை நடுவில் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, ஆடிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை அவர் பார்த்தார். பொத்தானைத் திருகுகிற கை நின்றது. முகம் திரைக்குக் கிட்டே வந்தது.

"சியெந்தாதெ" என்றார். "உட்காரு, அஸுன். விழுந்துடப்போறே."

பேரைச் சொன்னார். அங்கே மகன் அப்பா, அப்பா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினார். டாக்டர் நாற்காலியை எடுக்கக் குனிந்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

அஸுன் போனைப் பார்த்தார். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்துவிட்டது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"உட்கார மாட்டேன், ஹூலியான்" என்றார். "அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன்."

வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். ஆறு, ஏழு, எட்டு. வாசற்படியில் டாக்டர் வழியை விட்டு விலகி நின்றார்.